பின்மண்டையில் விழுந்த அடி

காலை மணி ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது, நிரம்பி வழிந்துகொண்டிருந்த வாளி. வீட்டின் பின்புறம் துணி துவைக்கும் இடத்தில் குழாய் முழுதாகத் திறந்திருந்தது. தண்ணீர் சிமெண்டுத் தரையில் ஓடி, இரும்புக் கதவுக்கு அடியில் புகுந்து பின்சந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒற்றைச் சிலிப்பர் ஒன்று மிதந்து போய்க் கதவில் முட்டி நின்றது. அதற்குப் பிறகுதான் அக்காவைப் பார்த்தேன்.

துவைக்கும் இயந்திரத்தில் சாய்ந்து, கால்களை நீட்டித் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். வலது உள்ளங்கை பின்மண்டையை இறுக்கிப் பிடித்திருந்தது, காயத்தைப் பொத்துவதுபோல.

"யாரோ அடிச்சுட்டாங்கடா," என்றார்.

"யாருக்கா?"

"தெரியல. பின்னாலேருந்து. கட்டையால."

கையை விலக்கிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. பின்கதவின் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. மதில்மேல் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருந்தன. யாரும் ஏறி வரவும் வழியில்லை, இறங்கிப் போகவும் வழியில்லை. இருந்தாலும் சாமான் அறையைத் திறந்து உள்ளே பார்த்தேன். தமிழ் நாளிதழ் ஒன்றுக்குக் கெடா மாநிலச் செய்திகளை அனுப்பிக்கொண்டு பல ஆண்டுகள் காவல் நிலையங்களில் அலைந்தவன் நான். பார்த்துவிட்டு நம்புவது பழக்கமாகிப் போயிருந்தது.

எங்கள் தாமான் சுங்கை லாலாங்கில், பழைய ரப்பர் காட்டை அழித்துக் கட்டிய குடியிருப்பு. பக்கத்து வீட்டுக்காரர் லோரி ஓட்டுபவர். சத்தம் கேட்டு, இரும்புக் கம்பியோடு வேலிப் பக்கம் வந்து நின்றார்.

"எந்தப் பக்கம் ஓடுனான் தம்பி?"

"யாரும் ஓடலண்ணே."

"இந்தத் தாமான்ல இப்ப எவனையும் நம்ப முடியாது லா. மொதல்ல போலீஸ்ல ரிப்போட் போடுங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அக்கா வாந்தி எடுத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "அந்த லைட்ட அணைடா, கண்ணுக்குள்ள குத்துது," என்றார். லோரிக்காரர் கம்பியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டுத் தன் காரை எடுக்கப் போனார்.

அக்கா தமிழ்ப்பள்ளிக் கேன்டீனில் சமையல் வேலை பார்த்தவர். கணவர் இறந்த பிறகு நானும் அவரும் ஒரே வீட்டில் இருந்தோம். அந்த நேரத்துக்கு அவர் பள்ளிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். போகிற வழியெல்லாம், "பிள்ளைங்களுக்கு மீ ஊற வச்சிருக்கேன்," என்று கேன்டீன் நூடுல்ஸைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தார்.

சுங்கைப் பட்டாணி மருத்துவமனையின் அவசரப் பிரிவில், தலையில் யாரோ அடித்ததாகச் சொல்கிறார் என்றுதான் சொன்னேன். ஊழியர் ஒருவர் முடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். வீக்கமும் இல்லை, கீறலும் இல்லை. இளம் மருத்துவர் ஒருவர் வந்து, தாடையை நெஞ்சில் தொடச் சொன்னார். கழுத்து வளையவில்லை. உடனே ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அது முடிந்து வந்தபின், அடித்தது யார் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அலோர் ஸ்டாருக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சுக்குப் பின்னால் நானும் பெரியண்ணனும் அவருடைய வேனில் போனோம். பெரியண்ணன் எங்கள் வீட்டில் மூத்தவர், அக்காவுக்கும் மேலே. புக்கிட் செலம்பாவில் இருக்கிறார். இடது பக்கம் ஜெராய் மலை மேகத்துக்குள் இருந்தது.

"யாரு அடிச்சான்னு சொன்னா?"

"தெரியலன்னு சொன்னாங்க."

"பின்மண்டையிலயா?"

"ஆமா."

அதற்குப் பிறகு அலோர் ஸ்டார் வரும்வரை அவர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார்.

அங்கிருந்த நரம்பு அறுவை மருத்துவர் ஒரு தமிழ்ப் பெண். எங்களை உட்கார வைத்து, வெள்ளைப் பலகையில் படம் போட்டுக் காட்டினார்.

"கழுத்து வழியா மேல வர்ற ரத்தக் குழாய்ங்க மூளைக்கு அடியில ஒரு வட்டமா சேரும். ரவுண்டபவுட் மாதிரின்னு வச்சிக்கிங்க. ஒரு ரோட் அடைச்சா, வண்டி மத்த பக்கமா சுத்திப் போயிரும். அதுக்குத்தான் அந்த வட்டம்."

வட்டத்தைப் போட்டுவிட்டு, அதன் மேல்பகுதியில் ஒரு கோட்டை விரலால் அழித்தார்.

"ஆனா புத்தகத்துலதான் இது இவ்ளோ ஒழுங்கா இருக்கும். நிறைய பேருக்கு வட்டம் முழுசா இருக்காது. ஒரு குழாய் மெலிசா இருக்கும், ஒண்ணு இல்லாமலே இருக்கும். அதோடவே எண்பது வயசு வரைக்கும் நல்லா இருந்துட்டுப் போவாங்க. அவங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. உங்க அக்காவுக்கு வலது பக்கம் முன்னால போற குழாய் பிறவியிலயே நூல் மாதிரி. இடது பக்கக் குழாய்தான் ரெண்டு பக்கத்துக்கும் சேத்து ரத்தம் கொடுத்திருக்கு. ரெண்டும் சேர்ற முனையில அந்த வேகம் காலம் பூரா மோதிக்கிட்டே இருந்திருக்கு. அங்கதான் சுவர் குமிழ் மாதிரி புடைச்சிருக்கு. இன்னைக்குக் காலைல அது வெடிச்சிருச்சு."

"யாரோ அடிச்சாங்கன்னு சொன்னா டாக்டர்," என்றார் அண்ணன்.

"நிறைய பேர் அப்படித்தான் சொல்வாங்க. அந்த வலி அப்படித்தான் வரும். போன வருஷம் ஒருத்தர், பக்கத்துல படுத்திருந்த மனைவிதான் அடிச்சுட்டாங்கன்னு சண்டைக்குப் போயிட்டாரு."

நாங்கள் சிரிக்கவில்லை. மருத்துவர் பேனாவை எடுத்துக்கொண்டார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது மூளையில ரத்தக் கசிவு? திடீர்னு இறந்தவங்க?"

"இல்ல டாக்டர்," என்றார் அண்ணன்.

"அம்மா, அப்பா?"

"அப்பாவுக்குக் கிட்னி. அம்மா எஸ்டேட்ல இருக்கும்போது போனாங்க. அது வேற."

மருத்துவர் இல்லை என்று குறித்துக்கொண்டு, அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். என்னைக் கேட்டிருந்தால் நானும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அது பொய் இல்லை.

அம்மா இறந்ததை எங்கள் வீட்டில் யாரும் நோய் என்று சொன்னதில்லை. முனி அடித்தது என்றுதான் சொல்வோம். அப்போது நாங்கள் இருந்தது இதே சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அம்மா புல் வெட்டும் கும்பலில் இருந்தார். வாய்க்கால் ஓரத்தில் ஓர் ஆலமரம். அதன் அடியில் சூலமும் இரண்டு கற்களும். உச்சிவெயிலில் முனி காவல் சுற்றும் நேரம் என்பதால் அந்தப் பக்கம் யாரும் போகமாட்டார்கள். ஒரு நாள் மதியம் அம்மா அங்கே உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தோட்டத்து மருந்தகத்தில் வெயில் சூடு என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் நாள் தொழிலாளர் லயத்து வீட்டில் உயிர் போய்விட்டது. எனக்கு ஒன்பது வயது. தங்கை அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள்.

விலக்கான நாளில் அந்தப் பக்கம் போயிருக்கிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சாவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. குற்றவாளியும் கிடைத்துவிட்டார்: செத்துப்போனவரே. அதற்குப் பிறகு எங்கள் நால்வரில் யாருக்கும் காரணம் தேட வேண்டிய தேவை வரவில்லை.

அந்த ஆடியிலிருந்து பெரியண்ணன் படையல் போட ஆரம்பித்தார். சேவல், சுருட்டு, ஸ்டவுட் பீர் போத்தல். தோட்டம் ரப்பரிலிருந்து எண்ணெய்க்கான செம்பனைக்கு மாறியபோதும் விடவில்லை. லயங்களை இடித்தபோதும் விடவில்லை. எங்களை 'முனி வீட்டுக்காரங்க' என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போன வருஷம் நிலம் கைமாறியது. கிடங்கு கட்டுவதற்காக ஆலமரத்தை இயந்திரம் வைத்துச் சாய்த்தார்கள். அண்ணன் சூலத்தையும் கற்களையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய், திகாம் பத்துவுக்குப் போகிற சாலையில், ஒரு கால்வாய்க் கரையில் வைத்தார். இடம் மாறிய குழப்பத்தில் இந்த ஆடிக்குப் படையல் போடவில்லை.

அக்காவுக்கு மண்டையோட்டைத் திறந்து, குமிழின் கழுத்தில் உலோகக் கிளிப் போட்டார்கள். தலையில் பாதி மழிக்கப்பட்டிருந்தது. கண் விழித்தார், பேசினார். அடையாளம் தெரிந்தது. கேன்டீனில் யார் சமைக்கிறார்கள் என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

பிறகு ஒரு நாள் மாலை தங்கை பக்கத்தில் இருந்தபோது, "அம்மா இப்பத்தான் வந்துட்டுப் போனாங்க. தலைக்கு எண்ணெ வச்சு விட்டாங்க," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், பால்காரர் வந்துவிட்டுப் போனார் என்பதுபோல. என்ன சேலை கட்டியிருந்தார் என்றும் சொன்னார். தங்கை அறையை விட்டு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

நான் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். வெடித்த முனையிலிருந்து பிரியும் சிறு கிளைகள்தான் ஞாபகத்துக்கான இடத்துக்கு ரத்தம் கொண்டு போகின்றன என்றார். அவை பழுதானால் ஞாபகத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை மூளை தானாகவே எதையாவது வைத்து அடைத்துக்கொள்ளும். "அவங்க பொய் சொல்லல. அவங்களுக்கு அது நடந்ததுதான்."

இதை வந்து அண்ணனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். லிப்டில் இறங்கும்போது, "கூப்புட வந்துட்டாங்க," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் அக்காவின் பேச்சு குறைந்தது. கேட்டால் மட்டும் பதில். பிறகு அதுவும் இல்லை. வலது கால் அசையவில்லை. சிந்திய ரத்தம் மற்றக் குழாய்களை எரிச்சல்படுத்தும், அவை சுருங்கும், சுருங்கினால் மூளைக்கு ரத்தம் போகாது. இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தோம் என்று மருத்துவர் சொன்னார். கடைசி நாட்களில் அக்கா கண்ணைத் திறந்தபடியே கிடந்தார். படுக்கையைச் சுற்றி யார் நடந்தாலும் பார்வை கூடவே வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அது நின்றது.

அன்று மாலை, உடலை வாங்கக் காத்திருந்த நேரத்தில் மருத்துவரைக் கேட்டேன்: நாங்கள் மூன்று பேர் இருக்கிறோம், எங்களுக்கும் பார்க்க வேண்டுமா?

"குழாயோட அமைப்பு குடும்பத்துல வருமான்னு உறுதியா சொல்ல முடியாது. குமிழ் சில குடும்பத்துல வரும். ஒருத்தருக்கு மட்டும்னா நாங்க பொதுவா எல்லாரையும் ஸ்கேன் பண்றதில்ல. ரெண்டு பேர்னா கூடப் பொறந்தவங்க எல்லாரும் எடுத்துப் பாக்கணும். முக்கியமா பெண்கள். பிரஷர் இருக்குறவங்க."

தங்கை பெண். அவளுக்குப் பிரஷர் இருந்தது. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவாள், வராவிட்டால் இல்லை.

பதினாறாம் நாள் சடங்கு பெரியண்ணன் வீட்டில். பின்னால் கொட்டகை போட்டு, தங்கையும் அண்ணியும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். தங்கை சுங்கைப் பட்டாணியில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வேலை நேரம் முழுவதும் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, விரல்நகம் அளவுத் தகடுகளில் குறை தேடுவதுதான் அவள் வேலை. ஸ்கேன் விஷயத்தை எடுத்தேன்.

"பாக்காத வரைக்கும் ஒண்ணும் இல்ல சின்னண்ணே. நான் தினமும் பாக்குறவ. தேடுனா எல்லாத்துலயும் ஒரு கீறல் இருக்கும்."

"இருந்தா முன்னாலயே அடைச்சிரலாம்னு டாக்டர் சொல்றாங்க."

"அக்காவுக்கும் அடைச்சாங்கதானே."

"அக்காவுக்கு வெடிச்ச பெறகு."

அண்ணி வெங்காயத் தோலை ஊதித் தள்ளினார். "உங்க வீட்டு மண்டைய எவன் தொறந்து பாக்குறது தம்பி? உள்ள பூரா பிடிவாதம்தான் இருக்கும்."

தங்கை சிரித்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். "படையல் நின்னுச்சு, அக்கா போனாங்க. எனக்குத் தெரிஞ்சது அதான். பெரியண்ணன் எடுக்கச் சொன்னா எடுக்குறேன்."

அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் பெரியண்ணன். கல்யாணம் செய்து வைத்தவரும் அவர்தான். அவர் சொல்லாமல் அவள் அசையமாட்டாள் என்பது எனக்கும் தெரியும்.

அம்மாவோடு அன்று புல் வெட்டிய பெண் இன்னும் உயிரோடு இருந்தார். புக்கிட் செலம்பாவில் மகன் வீட்டில். மருத்துவர் சொன்ன இரண்டாவது ஆள் அம்மாவாக இருக்குமோ என்று கேட்டுப் பார்க்க மறுநாள் போனேன். கட்டிலில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சத்தத்தைக் குறைத்தார்.

"பேப்பர்காரரு வந்துட்டாரு. என் போட்டோவப் போடுவியா? போடறதா இருந்தா பல்லு செட்ட மாட்டிக்கிட்டு வர்றேன்."

அம்மா விழுந்த நாளைக் கேட்டேன். பேட்டி எடுப்பதுபோலத்தான் கேட்டேன்: எங்கே நின்றீர்கள், முதலில் என்ன பார்த்தீர்கள், அம்மா என்ன சொன்னார். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"நான் அவளுக்குப் பின்னால நின்னேன். கையில மம்மட்டி. அவ தண்ணி குடிச்சுட்டுப் போத்தல மூடுனா. சட்டுனு மண்டையப் பிடிச்சிக்கிட்டுத் திரும்பி என்னையப் பாத்தா. 'ஏன்டி என்னைய அடிச்ச'ன்னு கேட்டா."

"உங்களையா?"

"என்னையத்தான். நான் தொடவே இல்லப்பா. நான் பத்தடி தள்ளி நின்னேன். அப்புறம் வாந்தி எடுத்தா. தூக்கிட்டுப் போனோம். லயத்துல சன்னல்ல சாக்கு கட்டச் சொன்னா, வெளிச்சம் ஆகலன்னு. கழுத்து கட்டையா வெறச்சுப் போச்சு. மறுநாள் ஒரு கண்ணு இமை தொங்கிருச்சு. அந்தக் கண்ணத் தொறந்து பாத்தா கருவிழி பெருசா இருந்துச்சு, பூனைக் கண்ணு மாதிரி."

தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"முனிதான் அடிச்சது. அதுல சந்தேகமே இல்ல. நான் இல்ல," என்றார்.

அவர் சொன்னதை எல்லாம் மருத்துவரிடம் போனில் சொன்னேன். "இத்தனை வருஷம் கழிச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியாது. ஆனா நான் இத ரெண்டாவது ஆளாத்தான் எடுத்துக்குவேன். மூணு பேரும் வாங்க," என்றார்.

அடுத்த ஞாயிறு காலை பெரியண்ணன் கால்வாய்க் கரையில் சூலத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். விட்டுப்போன படையலை அன்று போடுவதாக ஏற்பாடு. அண்ணியும் தங்கையும் வந்திருந்தார்கள். செம்பனை மட்டை எரிந்த வாசனை அடித்தது. சாலையில் லோரிகள் போகும்போதெல்லாம் விளக்கு அணைந்தது. அண்ணி அலுக்காமல் திரும்பத் திரும்ப ஏற்றினார்.

நான் அந்தப் பெண் சொன்னதைச் சொல் மாறாமல் சொன்னேன். வாந்தி, வெளிச்சம், கழுத்து, கண். 'ஏன்டி என்னைய அடிச்ச.' அண்ணன் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"முனி அடிச்சா வலிக்காதா? வாந்தி வராதா?"

"வரும்ணே. அக்காவுக்கும் அதேதான் வந்துச்சு. அக்காவுக்கு உள்ள என்ன இருந்துச்சுன்னு படம் போட்டுக் காட்டுனாங்கல்ல."

"படம் காட்டுனாங்க. படத்துல அடிச்சவன் தெரிவானா?"

"தங்கச்சிக்கும் இருந்தா?"

அண்ணன் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். "நீ பேப்பர்ல இருந்தவன். எதுன்னாலும் ரெண்டு பக்கமும் கேக்கணும்பியே. முனியக் கேட்டியா?"

"சரி. கேப்போம்," என்றேன்.

அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். அண்ணன் யோசித்தார். பிறகு வாழையிலையைக் கிழித்து, ஒன்றில் வெள்ளைப் பூவும் ஒன்றில் சிவப்புப் பூவும் வைத்து, ஒரே மாதிரி இரண்டு பொட்டலம் கட்டினார். வெள்ளை வந்தால் ஸ்கேன் எடுக்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று சத்தமாகச் சொன்னார். கல்லின் முன்னால் போட்டுக் கற்பூரம் காட்டினார். அண்ணியை எடுக்கச் சொன்னார்.

அண்ணி எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

தங்கையின் தோள் இறங்கியது. கைப்பையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். அவள் முகத்தில் இருந்தது நிம்மதிதான்.

"நில்லு," என்றார் அண்ணன்.

அவள் நின்றாள்.

"யாருக்குக் கேட்டேன்னு நான் சொல்லவே இல்லயே. வீட்டுக்கு மூத்தவன் நான். மொத உத்தரவு எனக்கு. உனக்கு இனிமேதான் கேக்கப் போறேன்."

"நல்லாருக்கே," என்றார் அண்ணி. "கேட்டது வர்ற வரைக்கும் எடுக்குறதுக்கு இது என்ன லாட்டரி நம்பர் கடையா?"

அண்ணன் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இந்தத் தடவை பொட்டலம் கட்ட நேரம் எடுத்துக்கொண்டார். கல்லின் முன்னால் போட்டார். மறுபடியும் கற்பூரம். தங்கையையே எடுக்கச் சொன்னார்.

வெள்ளை.

"உத்தரவு வந்துருச்சு. போய் எடுத்துட்டு வா," என்றார்.

இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அண்ணன் அதை எடுத்துக் கால்வாயில் போட்டார். தண்ணீர் அதைச் செம்பனைக் காட்டுப் பக்கம் கொண்டுபோனது. பிறகு படையலுக்குக் கொண்டுவந்த சேவலின் காலைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார்.

அலோர் ஸ்டாருக்குத் தங்கையை அண்ணன்தான் வேனில் கூட்டிப்போனார். நானும் போனேன். மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது என்று வந்தபோது தங்கை அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தபடி, "அம்மாவுக்கும், அக்காவுக்கும்," என்றார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, மருத்துவரும் கேட்கவில்லை.

படத்தை நான் பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கிளைகள். வலது பக்கம் முன்னால் போகிற குழாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மெல்லிய இழை, பாதியில் மங்கியது. இடது பக்கம் தடித்திருந்தது. இரண்டும் சேரும் முனையில், மிளகு அளவுக்கு ஒரு புடைப்பு. தங்கை வெகுநேரம் பார்த்தாள். பழக்கமான கண் அது. மருத்துவர் சுட்டிக்காட்டும் முன்பே விரலை அந்த இடத்தில் வைத்தாள்.

"இது ரிஜெக்ட்தானே டாக்டர்," என்றாள்.

முனையின் வடிவத்தைப் பார்த்தால் ரத்தக் குழாய் வழியாகச் சுருள்கம்பி வைத்து அடைப்பது கடினம், திறந்துதான் கிளிப் போட வேண்டும் என்றார்கள். அக்காவுக்குச் செய்த அதே அறுவை. வித்தியாசம் ஒன்றுதான்: இவளுக்கு இன்னும் ரத்தம் சிந்தியிருக்கவில்லை. அவள் கணவர் கையெழுத்துப் போடும்போது அண்ணனைத்தான் பார்த்தார். அண்ணன் தலையசைத்தார்.

அறுவை நடந்த அன்று அண்ணன் மருத்துவமனைக்கு வரவில்லை. காலையிலேயே கால்வாய்க் கரைக்குப் போய்விட்டதாக அண்ணி சொன்னார். மாலையில் போன் செய்து, முடிந்தது, பேசுகிறாள் என்று சொன்னேன். "கேட்டியா, யாராவது வந்துட்டுப் போனாங்கன்னு சொல்றாளா?" என்றார். இல்லை என்றேன். போனை வைத்துவிட்டார்.

தங்கை பிழைத்துக்கொண்டாள். ஞாபகம் சரியாக இருக்கிறது, கால் கை வருகிறது. மோப்பம் மட்டும் போய்விட்டது. மூளையின் முன்பகுதியை நகர்த்தும்போது மூக்கு நரம்பு அறுந்துபோவது உண்டு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். வீடு திரும்பிய முதல் வாரம் இரண்டு தடவை சோறு அடிபிடித்தது, அவளுக்குத் தெரியவில்லை. இப்போது அடுப்படியில் அவள் இருக்கும்போது வேறு யாராவது கூட இருக்கிறார்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் அவர்கள் தலையை மோந்து பார்ப்பது அவள் பழக்கம். இப்போதும் செய்கிறாள். "வேர்வை நாத்தமா இருந்தாலும் பரவால்ல, ஏதாவது ஒண்ணு வரக்கூடாதா," என்றாள் ஒரு நாள்.

எனக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். என் வட்டம் முழுசாக இருக்கிறது. புத்தகத்தில் போடலாம் என்றார் மருத்துவர்.

அண்ணனை வரச் சொல்லும்படி அவர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். மூன்று பேருக்கு இருந்திருக்கிறது, இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்றார். நான் புக்கிட் செலம்பாவுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். தங்கையும் வந்து பேசினாள், தலையில் துணி கட்டிக்கொண்டு. அண்ணி அவர் சட்டையைத் தேய்த்து, நாற்காலியின் மேல் போட்டு வைத்தார்.

"எனக்குத்தான் அன்னைக்கே உத்தரவு வந்துருச்சே. நீங்க எல்லாரும் பாத்தீங்கதானே," என்றார் அண்ணன்.

"அது நீங்களா சொன்னது," என்றாள் தங்கை.

"நான் முனி முன்னால நின்னு சொன்னேன். வாய்ல வந்தத மாத்திச் சொல்லிக்கிட்டே இருந்தா அப்புறம் உனக்கு வந்ததும் நிக்காது."

அண்ணி எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார்.

மருத்துவமனை அண்ணனுக்குக் கொடுத்த ஸ்கேன் நாள் போன செவ்வாய்க்கிழமை. அவர் போகவில்லை.